குட்டிபோடும் இலை எதுவரை மருந்து?

2016 மே 17ஆம் திகதி புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. இதை வாசிப்பவர்களில் பலருக்கு அந்த நாளைப்பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மண்சரிவினாலும் மண்சரிவு அபாயத்தினாலும் பழைய இடத்தை விட்டுப் புதிய குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போதெல்லாம் என் கண்ணில் படுகிற ஒன்று உண்டு. வீட்டு வாசலில் ஓட்டை வாளியிலோ பால்மா டின்னிலோ ஒரு செடி நிற்கும். சதைப்பற்றான இலை, விளிம்பெல்லாம் பல்பல்லாக வெட்டியதுபோல இருக்கும்.

ஒரு பாட்டியிடம் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பழைய எடத்தப் பாக்க மூணு மாசங் கழிச்சுப் போனேன் சாமி. வாசக்கல்லு ஓரத்துல இது மட்டும் மொளைச்சுக் கெடந்துச்சு. ஒரு இலையக் கிள்ளிக்கிட்டு வந்தேன்" என்றார். ஒரு இலை போதும் என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பாடசாலைப் பிள்ளைகள் இந்த இலையைக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, சில நாள் கழித்துத் திறந்து, விளிம்பில் குட்டிச்செடியும் வெள்ளை வேரும் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால்தான் எமது மக்கள் இதைக் "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்கிறார்கள். நூல்களில் இதன் பெயர் ரணகள்ளி. ரணம் என்றால் புண். அயலிலுள்ள சிங்கள மக்கள் இதை அக்கபான என்பார்கள். இப்பகுதித் தோட்டங்களில் எம்மவரும் பெரும்பாலும் அந்தப் பெயரையே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இம்முறை இந்தச் செடியைப்பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வீட்டு மூலிகைகள் பற்றி ஒரு பயிற்சி வகுப்பை நடத்தி, முடிவில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தேன். இருபதுக்கு மேற்பட்ட செடிகளின் பெயரும் அவற்றின் பயனும் அதில் இருந்தன. அக்கபானவுக்கு நேரே நான் எழுதியிருந்தது: "புண், கட்டி, சிறுநீரகக் கோளாறுகள்." அந்தக் கடைசிச் சொற்கள் தவறானவை. அதனால் ஒரு குடும்பம் என்ன பாடு பட்டது என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தத் தாளை இன்றும் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

செடியை முதலில் சரியாக அறிவோம்

அக்கபான என்ற ஒரே பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் அழைக்கப்படுகின்றன. இங்கு நாம் பேசுவது இடுப்பளவுக்கும் அதற்கு மேலும் வளர்வது. தண்டு உள்ளே குழாயாக இருக்கும். இளஞ்செடியில் இலை தனித்தனியாக இருக்கும். செடி முதிர்ந்தால் ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் வரும். விளிம்பில் கருஞ்சிவப்புக் கோடு ஓடும். பூ உச்சியில் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். ஊதிய கடதாசிப் பைபோல, பச்சையும் சிவப்பும் கலந்த நிறம். மார்கழி, தை மாதங்களில் பூப்பதைப் பார்க்கலாம்.

பூச்சட்டியில் அழகுக்கு வளர்க்கும் இனத்துச் செடிகள் வேறு. அவற்றில் சிலவற்றில், இலை செடியில் இருக்கும்போதே விளிம்பு முழுவதும் குட்டிச்செடிகள் மணிமாலைபோல வரிசையாக இருக்கும். நம் அக்கபான பெரும்பாலும் இலை உதிர்ந்த பின்புதான் குட்டி போடும். அழகுச் செடிகளை எந்த மருந்துக்கும் எடுக்க வேண்டாம்.

இது எமது முன்னோரின் மூலிகை, ஏட்டுச்சுவடியில் உள்ளது என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் இதன் தாயகம் ஆபிரிக்காவுக்கு அருகேயுள்ள மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கப்பல்களில் பல நாடுகளுக்குப் போய், கிழக்கே மொலுக்காஸ் தீவுகள் வழியாக 1799இல் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. ஒரு இலை விழுந்த இடமெல்லாம் வேர்விட்டது. சுமார் இருநூறு ஆண்டுகள்தான் இச்செடிக்கும் எங்களுக்கும் உள்ள உறவு. எமது மக்கள் தேயிலைக்கும் கோப்பிக்கும் இம்மலைகளுக்கு வந்த காலத்தைவிட அது அதிகம் முந்தியதல்ல. வந்த இடத்திலெல்லாம் ஏழைகள்தான் இதை மருந்தாக்கினார்கள். ஜமெய்க்காவில் இதன் பெயர் "உயிர் இலை" என்று பொருள்படும். டிரினிடாட்டில் "உலக அதிசயம்" என்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மக்களும் ஆச்சரியம் என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

காலையில் புளிப்பு, மாலையில் கசப்பு

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் தரங்கம்பாடிக்கு மிசனரியாக வந்த ஜெர்மானியர். பிறகு கிழக்கிந்தியக் கம்பனியில் தாவரவியலாளராக வேலை பார்த்தார். தம் தோட்டத்தில் வளர்ந்த இந்தச் செடியின் இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் புளியாரைக் கீரைபோலப் புளித்தது. நடுப்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கசந்தது. இதை 1813இல் இலண்டனுக்குக் கடிதமாக எழுதினார். ஒரு செடியின் உடலுக்குள் இரவும் பகலும் வேறு வேறு வேலை நடக்கிறது என்பதைக் காட்டிய ஆரம்பக் குறிப்புகளில் அதுவும் ஒன்று. இன்று பல்கலைக்கழக மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நீங்கள் செலவில்லாமல் வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு துண்டை மென்று துப்பினால் போதும், விழுங்கத் தேவையில்லை.

காரணம் இதுதான். சாதாரணச் செடிகள் பகலில் இலைத் துவாரங்களைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுக்கும். அப்போது அவற்றின் நீரும் ஆவியாகும். அக்கபான வறண்ட இடத்துக்கு ஏற்ற செடி. பகலில் துவாரங்களை மூடி நீரைக் காக்கும். இரவில் திறந்து வாயுவை எடுத்து, அதை அப்பிள் பழத்தில் இருக்கும் அதே மாலிக் அமிலமாகச் சேமிக்கும். விடியும்போது இலை நிறையப் புளிப்பு இருக்கும். பகலில் வெயிலின் உதவியோடு அந்த அமிலத்தைக் கொண்டு மாச்சத்து ஆக்கும், புளிப்புப் போய்விடும். பாறையிடுக்கிலும் தகரக் கூரையின் பீலியிலும்கூட இது சாகாமல் நிற்பதன் இரகசியம் அதுவே.

சில முதியவர்கள் இந்த இலையைக் காலையில் பறிக்க வேண்டும் என்பார்கள், சிலர் மாலையில் என்பார்கள். வெறும் நம்பிக்கை என்று நான் முன்பு நினைத்தேன். ஆனால் காலை இலையும் மாலை இலையும் உள்ளே ஒன்றல்ல என்பது மேலே சொன்னதிலிருந்து விளங்கும்.

புண்ணுக்கும் கட்டிக்கும்

இது நன்றாகப் பயன்படும் இடம் உடம்பின் வெளிப்புறம். கவ்வாத்துக் கத்தி கீறினால், ரப்பர் பால் வெட்டும் கத்தி விரலில் பட்டால், அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டால், கால் சுளுக்கினால் எமது தாய்மார் இதைத் தேடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. இலைச்சாறு சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். எலிகளின் புண் விரைவாக ஆறியதையும், வீக்கமும் வலியும் குறைந்ததையும் பல நாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதோடு சதைப்பற்றான எந்த இலைக்கும் உள்ள குளிர்ச்சியும் ஈரப்பதமும் இதற்கும் உண்டு.

செய்யும் முறையில்தான் பிழை விடுகிறோம். இலை சுத்தமாக இருந்தாலும் அதை அரைத்த அம்மி சுத்தமில்லை. மிளகாய் அரைத்த கல்லில், பீலித் தண்ணீர் தெளித்து அரைத்த விழுதைத் திறந்த புண்ணில் அப்பினால், மருந்தோடு கிருமியையும் சேர்த்துக் கட்டுகிறோம். முதலில் புண்ணைச் சவர்க்காரத்தாலும் கொதித்தாறிய நீராலும் நன்றாகக் கழுவுங்கள். மண் ஒரு துளியும் இருக்கக் கூடாது. இலையையும் கொதித்தாறிய நீரில் கழுவி, அடுப்புத் தணலுக்கு மேலே பிடித்து வாட்டுங்கள். இலை துவண்டு கறுக்கும். ஆறவிட்டு, கீறலுக்கோ கட்டிக்கோ மேலே வைத்து, துவைத்து வெயிலில் காய்ந்த துணியால் தளர்வாகக் கட்டுங்கள். தினமும் புதிய இலை வைக்க வேண்டும். சுளுக்குக்கும் இதே முறைதான். தோல் சிவந்து அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணி ஏறிய காயம், நாய்க்கடி ஆகியவை இந்த இலையின் வேலையல்ல. நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பூசி போட வேண்டும். நாய்க்கடிக்கு அதற்குரிய ஊசியும் உண்டு. சீனி வியாதி உள்ளவர்கள் காலில் வரும் சின்னப் புண்ணுக்குக்கூட இலை கட்டிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. அவர்களுக்கு வலி தெரியாது. உள்ளே அழுகுவதும் தெரியாது.

இன்னொன்று, பிறந்த குழந்தையின் தொப்புள். நைஜீரியாவின் சில பகுதிகளில் இந்த இலையைத் தொப்புள்கொடியில் பிழிகிற வழக்கம் உண்டு. எமது பக்கத்திலும் வேறு இலை, எண்ணெய், சாம்பல் என்று பூசுகிறவர்கள் இருந்தார்கள். தொப்புளில் எதுவும் போட வேண்டாம். உலர்வாகவும் சுத்தமாகவும் விட்டால் தானாகக் காய்ந்து விழும்.

கல்லடைப்புக் கதை

அக்கபான பெயர்பெற்றது புண்ணுக்காக மட்டும் அல்ல. சிறுநீரகக் கல்லை உடைக்கும் என்று நாடெங்கும் நம்புகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு இலை, சிலர் மிளகும் சேர்த்து. இந்த நம்பிக்கை எப்படி வந்தது?

ஆயுர்வேதத்தில் பாஷாணபேதம் என்று ஒரு மருந்து உண்டு. தமிழில் பாஷாணம் என்றால் நஞ்சு என்று நினைப்போம். வடமொழியில் அதற்குக் கல் என்று பொருள். கல்லைப் பிளப்பது என்பதே பெயர். அந்த மருந்துக்கு உரியதாகப் பெரும்பாலும் கொள்ளப்படும் செடி இமயமலைப் பாறைகளில் வளர்வது. மற்றப் பகுதிகளில் அது கிடைக்காததால், பாறையில் வளர்கிற வேறு செடிகளை அதே பெயரில் எடுத்துக்கொண்டார்கள். வங்காளத்தில் அக்கபானவின் பெயரே கல்லோடு சேர்ந்தது. இப்படி வேறொரு செடியின் புகழில் ஒரு பங்கு இதன்மேல் வந்து சேர்ந்தது.

அதற்காக முழுதும் பொய் என்று நான் சொல்லவில்லை. எலிகளில் செய்த ஆய்வுகளில் சிறுநீர் அதிகம் போனதையும் கல் உண்டாவது குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் எலி வேறு, நாம் வேறு. மேலும், ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை எந்த மருந்தும் இல்லாமல், நீர் குடித்தாலே தானாக வெளியேறிவிடும். இலை தின்ற ஒருவருக்குக் கல் விழுந்தால் இலைக்குப் புகழ். இலை தின்னாமல் கல் விழுந்தவரின் கதையை யாரும் ஊரில் சொல்வதில்லை.

கல் வராமல் இருக்க நான் உறுதியாகச் சொல்லக்கூடியது தண்ணீர். வெயிலில் மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவர்கள், மலையில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். தாகத்துக்குச் சாயத்தண்ணீரையே குடிக்கிறார்கள். கல்லாக மாறும் ஒட்சலேற்று என்ற சத்து கடும் சாயத்தண்ணீரிலும் உண்டு. சிறுநீர் வெளிர்நிறமாகப் போகும் அளவுக்கு வெறும் தண்ணீர் குடிப்பது எந்த இலையையும்விட மேல். தோட்ட நிருவாகத்திடம் மலையில் ஒரு கழிவறை கேட்பதும் சிறுநீரக மருத்துவம்தான். இடுப்பு வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அல்லது சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிறுநீரகத்துக்கு நல்லது என்று எந்தச் சாற்றையும் குவளை குவளையாகக் குடிக்காதீர்கள். சிங்களத்தில் பிலிங் எனப்படும் பிலிம்பிக்காய் எமது பகுதியில் ஏராளம். கேரளத்தில் அதன் சாற்றைக் கொழுப்புக் குறைய என்று குடித்த பத்துப் பேரின் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அங்குள்ள வைத்தியர்கள் 2013இல் வெளியிட்டார்கள். காமரங்காய்ச் சாற்றாலும் அப்படி நேர்ந்திருக்கிறது, இலங்கையிலும் நேர்ந்திருக்கிறது. கறியில் இரண்டு காய் போடுவது வேறு, மருந்தென்று சாறு பிழிந்து குடிப்பது வேறு.

என் தாளில் இருந்த தவறு

இனி அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருகிறேன். கான் வெட்டுகிற வேலை செய்யும் ஒருவர், நாற்பது வயதுக்குள். அடைமழைக்குப் பின் சேறு நிறைந்த கான்களை வெறுங்காலோடு துப்புரவு செய்தார். பத்து நாளளவில் காய்ச்சல் வந்தது. தலையிடி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி, கண் சிவப்பு. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து தேயிலைச் சாயம்போலப் போனது. மனைவி என் வகுப்புக்கு வந்தவர். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். சிறுநீரகக் கோளாறுக்கு அக்கபான. வாசலில் செடியும் இருந்தது. மூன்று நாள் காலையும் மாலையும் சாறு பிழிந்து கொடுத்தார். அவர் செய்தது அறியாமை அல்ல, படித்ததை நம்பினார். படிக்கக் கொடுத்தவன் நான்.

அது எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் ஏறத்தாழ நின்றுபோயிருந்தன. இரத்தச் சுத்திகரிப்புச் செய்து பிழைக்க வைத்தார்கள். இன்று அவர் வேலை செய்கிறார். நான் பார்க்கப் போனபோது அந்த மனைவி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நாங்கதான் சாமி லேட்டாக்கிட்டோம்" என்றார். அந்த வார்த்தை இன்றும் எனக்கு உறுத்துகிறது.

எலிக்காய்ச்சல் எமது பிரதேசத்துக்குப் புதியதல்ல. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இந்நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கலாம் என்று பதிவானது. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலிருந்து கிருமி சேற்றிலும் தண்ணீரிலும் கலக்கிறது. எமது காலிலுள்ள கீறல், சேற்றுப்புண், அட்டைக்கடிப் புண் வழியாக உள்ளே போகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் காட்டும். ஆரம்பத்தில் கொடுத்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே கேட்கும். தாமதித்தால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல், இதயம் என்று தாக்கும். வெள்ளமும் மண்சரிவும் வந்து வீடு துப்புரவாக்கும் நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். 2025 நவம்பரில் டித்வா புயல் மழைக்குப் பிறகு சேறு அள்ளியவர்கள் இதை நினைவில் வைத்திருப்பார்கள்.

சேற்று வேலைக்குப் போகுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். ஆபத்தில் உள்ளவர்களுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் மூலம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அது எல்லோருக்கும் ஏற்றதல்ல. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தாமாக எடுக்கக் கூடாது. காலில் புண் இருந்தால் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் "நான் சேற்றில் வேலை செய்தேன்" என்ற ஒரு வார்த்தையைத் தவறாமல் சொல்லுங்கள். சிங்களம் தெரியாதவர்கள் அதை ஒரு துண்டில் எழுதுவித்துக்கொண்டு போகலாம். இரவானாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

காய்ச்சலும் சிறுநீர்க் குறைவும் சேர்ந்து வந்தால் வீட்டில் எந்த இலையும் அரைக்கக் கூடாது. என் தாள் உங்களிடம் இருந்தால் "சிறுநீரகக் கோளாறுகள்" என்பதைப் பேனாவால் வெட்டிவிடுங்கள்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இது நஞ்சு

இது பலருக்குத் தெரியாது. அக்கபானவிலும் அதன் இனத்துச் செடிகளிலும் இதயத்தைத் தாக்கும் ஒரு நஞ்சு இருக்கிறது. அலரியில் உள்ள நஞ்சும், இதய நோயாளிகளுக்கு வைத்தியர்கள் மிகச் சிறிய அளவில் கொடுக்கும் டிகொக்சின் மருந்தும் இதயத்தில் வேலை செய்கிற விதத்திலேயே இதுவும் வேலை செய்கிறது. இலையைவிடப் பூவில் நஞ்சு அதிகம்.

இந்த இனத்துச் செடிகள் அவுஸ்திரேலியாவில் காடாகப் பரவிவிட்டன. அங்கே 1960க்கும் 1984க்கும் இடையில் இவற்றைத் தின்று 379 மாடுகள் இறந்ததாகக் குயீன்ஸ்லாந்து மிருக வைத்தியர்கள் கணக்கெடுத்தார்கள். 1997இல் மோரீ என்ற ஊருக்கு அருகே மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்ற 125 மாடுகள் இறந்தன. நல்ல புல் இருக்கும்போது மாடு இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. எமது பகுதியில் புல் காய்கிற தை, மாசி மாதங்களில்தான் இது பூத்து நிற்கிறது. ஆபத்து அங்கேதான்.

ஒரே நாளில் நிறையத் தின்றால் திடீரென விழும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் தின்றாலும் நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். இரை எடுக்காது, அசைபோடாது, கழிச்சல் போகும், எச்சில் வடியும், மூச்சு வாங்கும், இதயத் துடிப்புத் தாறுமாறாகும். அந்த மாட்டை நடக்க விடாதீர்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இதயம் தாங்காது. நிழலில் நிறுத்திவிட்டு அரச மிருக வைத்தியரை அழைத்து, எதைத் தின்றது என்று சொல்லி, செடியின் ஒரு கொப்பையும் காட்டுங்கள். நேரத்தோடு வந்தால் நஞ்சை உறிஞ்சும் கரி மருந்தைப் புகட்டிக் காப்பாற்ற வழி உண்டு. அடுப்புக் கரியைக் கரைத்து ஊற்றுவது அதற்கு ஈடாகாது. இழப்பீட்டுப் பணத்தில் வாங்கிய ஒரே பசு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அப்படியானால் மனிதர் தின்னும்போது? ஓரிரு இலை தின்ற பலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் இதய வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக டிகொக்சின் எடுப்பவர்கள், இதை உள்ளே எடுக்கவே கூடாது. கிளினிக்குக்குப் போகும் பிரஷர், சிறுநீரக நோயாளிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். கர்ப்பிணிகளைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனி, சுவிற்சர்லாந்து நாடுகளில் 1970களிலிருந்து இச்செடியில் தயாரித்த மருந்தைக் குறைமாத வலியைத் தணிக்கச் சில வைத்தியர்கள் பயன்படுத்தி வருகிறார்கள். கருப்பையின் தசைமேல் இது வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். அங்கே அளவறிந்து, வைத்தியர் கண்முன்னே கொடுக்கிறார்கள். வீட்டில் பிழிந்த சாற்றுக்கு அளவு கிடையாது. சளிக்கும் இருமலுக்கும் கைக்குழந்தைக்குச் சாறு புகட்டுவதும் வேண்டாம். சளிக்கு என்று நம்மவர் தேடும் வாசனையுள்ள கற்பூரவள்ளி வேறு செடி. இரண்டும் சதைப்பற்றாக இருப்பதால் மாறிவிடக் கூடாது: கற்பூரவள்ளி இலையில் மெல்லிய உரோமம் இருக்கும், கசக்கினால் ஓமம்போல மணக்கும். அக்கபான வழவழப்பானது, மணம் இல்லை.

எங்கே வைப்பது?

ஏழு பேர்ச் நிலத்தில் வீடு போக மிஞ்சுவது சிறிய இடம். ஒரு வீட்டுக்கு ஒரு செடி போதும். வாளியிலோ சட்டியிலோ, ஆடுமாடு எட்டாத உயரத்தில் வையுங்கள். பூமொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். வேலி ஓரத்திலும், புல் அறுக்கும் இடத்திலும், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலும் நிற்பவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கியதைப் பாதையோரமோ ஓடைக்கோ எறிந்தால் ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு செடியாகும். எருக்குழியிலும் போட வேண்டாம். சீமெந்துத் தரையிலோ தகரத்திலோ பரப்பி, வேர் மண்ணைத் தொடாமல் சருகாகும்வரை காயவிட்டு எரித்துவிடுங்கள். இந்தச் செடி சருகாக நாளாகும். ஈர மாதங்களில் இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும். அதுவரை ஆடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.